ஒற்றைப் பிரதியின் நிருபர்

கீரனூர்
18-1-1960

அன்புள்ள சொர்ணம்,

மேலே 786 போடவில்லை. எங்கள் வீட்டில் மளிகைச் சிட்டைக்குக்கூட பிஸ்மில்லாவுக்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவோம். திருட்டுத்தனமாக எழுதுகிற கடிதத்துக்குப் போட மனசு வரவில்லை. கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அரிக்கேன் திரியை இறக்கிவைத்து எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் வளையல் சத்தம் கேட்கும். கேட்டதும் விளக்கை ஊதிவிடுவேன். பாதியில் எழுத்து கோணிக்கொண்டு போனால் அதுதான் காரணம்.

நம் ‘சாளரம்’ பத்திரிகைக்கான பொருட்காட்சிக் கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன். அன்றைக்கு உன்னிடம் எதையும் சொல்ல முடியவில்லை. வெளியே வந்ததும் சின்னம்மா வீட்டுக்கு ஓடத்தான் நேரம் இருந்தது. குழந்தையின் நாற்பதாம் நாளுக்குத் திருச்சி வந்தவள், சொர்ணம் வீட்டில் பௌதிக நோட்டு எழுதப் போகிறேன் என்று புளுகிவிட்டுக் கிளம்பியவள், இருட்டிய பிறகு போய் நின்றால் என்ன ஆகும்?

நாம் எழுதிவைத்த ‘நிருபர்’ அட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. “ஆசிரியருக்கு உள்ளே என்னடி வேலை? நிருபர்தான் போகணும்” என்று நீ அதை என் துப்பட்டியில் குத்திவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாய். அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

“எந்தப் பத்திரிகைம்மா?”

“சாளரம்.”

“எத்தனை பிரதி போடுறீங்க?”

“ஒண்ணுங்க.”

“ஒண்ணுன்னா? ஆயிரமா?”

“இல்லீங்க. ஒண்ணேதான். கையால எழுதுறது. எல்லாரும் அதையே வாங்கிப் படிப்பாங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்தது. “பத்திரிகைக்காரங்க வாராங்க, வழி விடுங்கப்பா!” என்று கயிற்றைத் தூக்கிவிட்டார்.

ஆயில் எஞ்சின், நெல் உரிக்கிற மிஷின், பனிக்கட்டி பிடிக்கிற அலமாரி எல்லாம் கட்டுரையில் இருக்கின்றன. கட்டுரையில் எழுதாத ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன். டேப் ரிக்கார்டர் கடையில் நாகராசு என்று ஒருத்தர் இருந்தார். மதராஸ் கம்பெனி ஆள், ஆனால் பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. என் அட்டையைப் பார்த்ததும் மைக்கை நீட்டி, “எதையாச்சும் பேசுங்க தங்கச்சி” என்றார். சுற்றிலும் ஆண்கள். எனக்கு மூளை நின்றுபோய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் எழுந்து நின்று ஒப்பிப்போமே, அதுதான் வந்தது. என் பெயர் ஹமீதா பானு, அத்தா பெயர் ஜெகபர் அலி, கீரனூர் கடைவீதியில் கடலை மண்டி, ஐந்தாம் பாரம் படிக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நான் நிருபர் என்பது ஞாபகம் வந்து கேள்விகள் கேட்டேன். இதில் பதிந்ததை அழிக்க முடியுமா? மேலேயே வேறொன்றைப் பேசினால் பழையது போய்விடும் என்றார். சரி, கரண்ட் நின்றுபோனால் உள்ளே இருக்கிற குரல் என்ன ஆகும்? எங்கே போய் இருக்கும்? அதற்கு அவர் பதிலே சொல்லாமல் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

பிறகு என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். அவ்வளவு கீச்சென்றா பேசுகிறேன்?

கட்டுரைக்கு என் பெயர் போடாதே. பெரியத்தா தினமும் எங்கள் அத்தாவிடம் வந்து, “வயசுக்கு வந்த புள்ளைய இன்னமும் எதுக்குத் தம்பி அனுப்புற?” என்கிறார். அத்தாவுக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. காலையில் பேப்பர் படித்துக்காட்ட நான் வேண்டும். அதைச் சொல்லித்தான் சமாளிக்கிறார். ஆனால் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். “ஊருக்குள்ள ஒன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சு, அன்னிக்கே பள்ளிக்கூடத்த நிறுத்திப்புடுவேன்.”

வளையல் சத்தம் கேட்கிறது.

ஹமீதா

•

திருச்சி
24-1-1960

அன்புள்ள நிருபருக்கு ஆசிரியர் எழுதுவது,

கட்டுரை கிடைத்தது. ‘மிகவும்’ என்கிற வார்த்தையை எல்லா இடத்திலும் அடித்துவிட்டேன். பனிக்கட்டி அலமாரிக்குள் கையை விட்டுப் பார்த்தாயா இல்லையா? விட்டிருந்தால் எப்படி இருந்தது என்று எழுத வேண்டாமா? மற்றபடி நம் பத்திரிகையில் இதுவரை வந்ததிலேயே இதுதான் உருப்படி. பெயர் போடவில்லை. ‘நம் நிருபர்’ என்று போட்டிருக்கிறேன்.

இனி எழுதுவதைப் படித்துவிட்டுக் கூச்சல் போடாதே. சத்தியம் பண்ணு.

நேற்று அம்மாவோடு பொருட்காட்சி மைதானம் வழியாகப் போனேன். குழாய் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். என் பெயர் ஹமீதா பானு, அத்தா பெயர் ஜெகபர் அலி. செருப்பைச் சரிசெய்வதுபோல் அங்கேயே குனிந்துகொண்டேன். நீ கேட்ட கேள்வி, அவர் சிரிப்பு, கூட்டத்தின் சிரிப்பு, எல்லாம் அப்படியே வந்தது. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. ஆட்களைக் கூப்பிடுவதற்கு அதையேதான் போடுகிறார்களாம். பக்கத்தில் சுண்டல் விற்கிறவன்கூட உன் கேள்வியை உன்னை மாதிரியே சொல்லிக் காட்டுகிறான்.

இங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது, விடு என்றுதான் நினைத்தேன். ஆனால் பொருட்காட்சி அடுத்ததாகப் புதுக்கோட்டைக்குப் போகிறது. தட்டி கட்டிவிட்டார்கள்.

சொர்ணம்

•

கீரனூர்
27-1-1960

சொர்ணம்,

செவந்தி உன் கடிதத்தை வகுப்பில் கொடுத்தாள். அவள் வீட்டு விலாசத்துக்கு வருவதால்தான் தப்பிக்கிறேன். படித்ததும் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டுக்கா! அங்கே போகத்தானே பயம்.

இன்று காலையில் என்ன நடந்தது தெரியுமா? பேப்பரில் புதுக்கோட்டைப் பொருட்காட்சி விளம்பரம் வந்திருந்தது. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அத்தா படத்தைப் பார்த்துவிட்டார். “இது எஞ்சின் மாதிரி இருக்கே, என்னன்னு படி” என்றார். படித்தேன். வேறு வழி? “நம்ம தோட்டத்துக் கெணத்துக்கு எஞ்சின் ஒண்ணு பாக்கணும். போய்ட்டு வாரேன்” என்கிறார்.

மைதானத்து வாசலில் நிற்பார். தலைக்கு மேலே என் பெயரும் அவர் பெயரும் மண்டியின் விலாசமும் கேட்கும். கூட இருக்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இந்த இடத்துக்கு மேல் யோசிக்க முடியவில்லை.

நீதான் என்னைப் போகச் சொன்னாய். நீ போயிருக்கலாம். உனக்குத் துப்பட்டி இல்லை, பெரியத்தா இல்லை, நீ மைக்கில் பேசினால் உன் வீட்டில் பலகாரம் செய்வார்கள். நீ வாசலில் நின்றுகொண்டு என்னை அனுப்பினாய். அந்த நாடாவை எப்படியாவது அழி. கெஞ்சுவாயோ, திருடுவாயோ எனக்குத் தெரியாது.

ஹ.

•

திருச்சி
3-2-1960

ஹமீதா,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. பிறகு போனேன். அந்த வரிசையிலேயே நீயும் தெரிந்துகொள்.

அம்மாவின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, புடவை கட்டிக்கொண்டு, அட்டையில் ‘நிருபர்’ என்பதை அடித்து ‘ஆசிரியர்’ என்று எழுதிக் குத்திக்கொண்டு நாகராசு முன்னால் நின்றேன். அவர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

“அந்த நாடாவைக் குடுத்துருங்கண்ணே” என்றேன்.

“அது எனக்குச் சோறு போடுற நாடா. கேளு வேற ஏதாச்சும்.”

“எங்க நிருபர் சொந்தப் பேரச் சொல்லக் கூடாது. எங்க பத்திரிகை வழக்கத்துக்கு விரோதம்.”

“ஒரு பிரதி போடுற பத்திரிகைக்கு வழக்கம் வேறயா?”

என்னால் அதற்கு மேல் நாடகம் போட முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். உன் அத்தாவை, பெரியத்தாவை, பள்ளிக்கூடத்தை. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கும் தங்கச்சி இருக்கிறதாம். “பேரு மட்டும் போனாப் போதும்ல? ஆனா தொடக்கத்துல ஒரு பேரும் ஊரும் வேணும். இல்லாட்டி நானே பொம்பளக் குரல்ல பேசி ஏமாத்துறேன்பானுக. ஒரு பேரச் சொல்லு” என்றார்.

நீ கேட்ட கேள்விதான் காப்பாற்றியது. மேலேயே பேசினால் பழையது போய்விடும். நாடாவை முதலுக்குச் சுற்றினார். ஏதாவது பொய்ப் பெயர் சொல்வோம் என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். மைக் வாயருகே வந்தது. கருப்பாக, பெரிய நாவற்பழம் மாதிரி. எனக்கும் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார், ஹமீதா. என் பெயர் சொர்ணம், அப்பா பெயர் சோலையப்பன், திருச்சி புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர், ஐந்தாம் பாரம் படிக்கிறேன்.

திரும்பப் பேசுவதற்குள் மானேஜர் வந்துவிட்டார். மிஷினைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது நாடாவில் என் பெயர், உன் கேள்வி. யாரும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது. நிம்மதியாகத் தூங்கு.

சொர்ணம்

•

கீரனூர்
15-2-1960

அன்புள்ள சொர்ணம்,

அத்தா போய்விட்டு வந்துவிட்டார்.

நீ செய்ததற்கு முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் எழுதியதை எல்லாம் நீ கிழித்துப்போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். ஆனால் நிம்மதி மட்டும் வரவில்லை.

அவர் போன நாள் முழுக்க நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். மாலையில் வந்தார். அம்மா, “எஞ்சின் பாத்தீகளா?” என்று கேட்டதற்கு, “பாத்தேன்” என்றார். “வேற என்ன இருந்துச்சு?” என்றதற்கு, “என்னென்னமோ இருந்துச்சு” என்றார். வாங்கி வந்த பேரீச்சம்பழத்தை என் கையில் கொடுக்கவில்லை. அம்மாவிடம்தான் கொடுத்தார். எப்போதும் என்னிடம் கொடுப்பார். இல்லை, எப்போதும் இல்லை. சில நாள் அம்மாவிடமும் கொடுத்திருக்கிறார். நான் இப்படித்தான் ஒவ்வொன்றையும் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பேப்பர் படித்தேன். பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன். “ஏன் நிறுத்துற? படி” என்றார். கண்ணைத் திறக்கவே இல்லை. இதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் அடித்திருப்பார். தெரியாவிட்டால் பேசியிருப்பார்.

ஹமீதா

•

திருச்சி
20-2-1960

ஹமீதாவுக்கு,

உன் அத்தா பேரீச்சம்பழத்தை யார் கையில் கொடுத்தார் என்பதை எல்லாம் படிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

என் அப்பா என்னோடு பேசுவதில்லை. புதுக்கோட்டையில் அந்த ஸ்பீக்கர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தே கட்டியிருக்கிறார்களாம். ஒவ்வொரு நடையும் அங்கே வண்டி நிற்கும்போது அவர் பெயர் அவர் காதிலேயே விழுகிறது. ஏறுகிறவர்கள் எல்லாரும், “என்ன கண்டக்டரே, ஒம்ம மக ஊரான் ஊரான்கிட்ட எல்லாம் மைக்குல பேசுதாம்ல?”, “கரண்டு போனா டிக்கெட்டு எங்கய்யா போகும்?” என்று கேட்கிறார்களாம். டிரைவர்கூட. ஒருத்தன் கெட்டதாகவும் ஏதோ சொல்லிவிட்டான். அப்பா அவனை வழியில் இறக்கிவிட்டிருக்கிறார். கம்பெனிக்குப் புகார் போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் பலகாரம் செய்வார்கள் என்று எழுதினாயே. வந்து பார். சாளரத்தைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தார். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாதிக் குரல் என்னுடையது இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் யாருடையது என்று கேட்பார். சொல்ல மாட்டேன். அதற்காக நீ என்னை நல்லவள் என்று எழுதாதே. எனக்கு உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம்.

சொர்ணம்

•

கீரனூர்
25-2-1960

சொர்ணம்,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அத்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் எதிரே போய் நிற்கிறேன். “என்னம்மா?” என்பார். நான், “தண்ணி வேணுமா?” என்பேன். வீட்டில் தண்ணீராகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை பேப்பரை விரித்தேன். முதலில் உள்ள சேதிகளைப் படித்தேன். கடலை விலையைப் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஏதோ சோப்பு விளம்பரம்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, சேதி படிக்கிற குரலில் படித்தேன்.

“புதுக்கோட்டை, பிப்ரவரி இருபத்தைந்து. பொருட்காட்சியில் ஒலிபரப்பாகும் பெண் குரல், கண்டக்டர் சோலையப்பன் மகளுடையது அல்ல என்று தெரியவருகிறது. பெயரும் ஊரும் மட்டுமே அந்த மாணவி சொன்னவை. கேள்விகளைக் கேட்டது கீரனூரைச் சேர்ந்த வேறொரு மாணவி. அவள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ‘நிருபர்’ என்று அட்டை குத்திக்கொண்டு பொருட்காட்சிக்குச் சென்றாள். பழியைத் தோழி ஏற்றுக்கொண்டாள். தோழியின் படிப்பு நின்றுவிட்டது. கீரனூர் மாணவி இதுவரை வாய் திறக்கவில்லை.”

பேப்பரை இறக்கினேன்.

அடுப்படியில் அம்மா அம்மிக்குழவியை நிறுத்திவிட்டாள். அத்தா கண்ணைத் திறந்தார். பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, சோப்பு விளம்பரத்தில் இருந்த பெண்ணின் படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“இதுதான் அந்தப் புள்ளையோட படமா?” என்றார்.

‘இல்லை’ என்று தலையாட்டினேன்.

பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டார். பெரியத்தா வீட்டுக்குத்தான் போயிருப்பார். இந்நேரம்வரை வரவில்லை. என் பள்ளிக்கூடப் பையை அம்மா எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

ஹமீதா

•

திருச்சி
27-2-1960

அடி ஹமீதா,

உனக்குத் தெரியுமா? தெரியாது. உன் அத்தா சொல்லியிருக்க மாட்டார். எங்கள் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அப்பாவின் பஸ் கீரனூரில் நின்றது. வண்டி நிறைய ஆட்கள், சந்தைக்குப் போகிறவர்கள். உன் அத்தா ஏறியிருக்கிறார். வழக்கம்போல் பின்சீட்டில் ஒருத்தன் ஆரம்பித்தான். “கண்டக்டரே, ஒம்ம மக இன்னிக்கு எங்கிட்டு மைக்கப் புடிச்சிருக்கு?”

உன் அத்தா எழுந்து நின்று, “அது அவரு மக இல்ல” என்றாராம்.

“பின்ன?”

“பேரு மட்டுந்தான் அந்தப் புள்ளையோடது. கேள்வி கேட்டது எம் மக. கீரனூரு கடலை மண்டி ஜெகபர் அலி மக. ஏதாச்சும் சொல்லணும்னா எங்கிட்டச் சொல்லு.”

பின்சீட்டுக்காரன், “சும்மா தமாசுக்குங்க பாய்” என்று குனிந்துகொண்டான். அப்பா டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். உன் அத்தா அவரிடம் மெதுவாகச் சொன்னாராம். “புதுக்கோட்டையில கேட்டப்பவே தெரிஞ்சு போச்சுங்க. தெனம் காலையில கேக்குற கொரலு. பேர மாத்துனா ஆச்சா? நாந்தான் வாயத் தொறக்கல. அதுக்குள்ள ஒங்க புள்ள படிப்பு நின்னு போச்சாமே. மன்னிக்கணும்.”

நாம் இரண்டு பேரும் பெயரை அழிக்கத்தான் அலைந்தோம். அத்தாக்கள் பெயரைக் கேட்பதில்லை போலிருக்கிறது.

அப்பா ராத்திரி வந்து பரண்மேல் ஏறிச் சாளரத்தை எடுத்துத் தூசி தட்டினார். உன் கட்டுரையை உட்கார்ந்து படித்தார். “இதுல ஒரு எடத்துலகூட மிகவும்னு இல்லையே” என்றார். நான்தான் அடித்தேன் என்று சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகிறேன்.

நீ?

சொர்ணம்

•

786

கீரனூர்
1-3-1960

அன்புள்ள சொர்ணம்,

நோன்பு தொடங்கிவிட்டது. விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்திருக்கிறோம். விளக்குத் திரியை ஏற்றிவைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். விளக்கை அணைக்காமலே அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அவள் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. பையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் நடந்ததை அத்தா சொல்லவே இல்லை. உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது. ஆனால் ஊருக்கு உடனே தெரிந்துவிட்டது. பெரியத்தா வந்து கத்தினார். “நீயே நாலு பேரு முன்னால சொல்லிட்டு வந்திருக்க! பேச்சு வந்தா நிறுத்துவேன்னு சொன்னவன் நீதானே?” அத்தா, “பேச்சு எங்கிட்டருந்துதானே வந்துச்சு. அப்ப என்னத்தானே நிறுத்தணும்” என்றார். பெரியத்தா, எனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களை இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். திரும்ப வருவார். பெருநாள் வரைக்கும் அவர் செருப்புச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டேதான் இருப்பேன்.

நேற்று பேப்பர் படித்து முடித்தேன். அத்தா எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அந்த மிஷின்காரன் ஒனக்குப் பதிலே சொல்லலையே?”

“எதுக்குத்தா?”

“கரண்டு போனா உள்ள இருக்கிற கொரலு எங்க போகும்னு கேட்டியே. ரெண்டு தடவை நின்னு கேட்டேன். பதில் சொல்லுவான் சொல்லுவான்னு பாத்தா, சிரிச்சுட்டே விட்டுட்டான்.”

“சொல்லலைங்கத்தா.”

“நிருபர்னு போய்ட்டு, பதில் வாங்காம வரலாமா? பாதிச் சேதியைக் கொண்டாந்தா யாரு படிப்பா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

“ஞாயித்துக்கெழமையோட முடியுதாம். அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம். பொய் சொல்லிட்டுப் போனதுக்கு ஒனக்கு இன்னும் இருக்கு. அது தனி. அந்த அட்டை எங்க?”

அட்டை உன்னிடம் இருக்கிறது. அதில் நீ நிருபரை அடித்து ஆசிரியர் என்று எழுதிவிட்டாய். அது உனக்கே இருக்கட்டும். எனக்குப் புதிதாக ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை காலை நடையில் உன் அப்பாவோடு ஏறிக்கொள். நாங்கள் கீரனூரில் ஏறுவோம். இந்தத் தடவை வாசலில் நிற்காதே. ஆசிரியருக்கும் உள்ளே வேலை இருக்கிறது.

ஹமீதா பானு
நிருபர், சாளரம்